சிங்கப்பூர் மாணவர் செயற்கைக்கோள்கள்

பூமியை உயரத்திலிருந்து ஆராயும் பணியைச் சிங்கப்பூரின் இளநிலை மாணவர்கள் பெரும்பாலும் சிறு செயற்கைக்கோள்களில்தான் பழகுகிறார்கள். அமெரிக்க மாணவர்களுக்கு விமானமே கிடைத்தது. நாசா 2009இல் தொடங்கிய மாணவர் வான்வழி ஆய்வுத் திட்டத்தில் அவர்கள் கோடை விடுமுறையில் டிசி-8 ஆய்வு விமானத்தில் ஏறிக் காற்று மாதிரி எடுத்தார்கள். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டரே உள்ள தீவுக்கு அது ஒத்துவராது. ஜெட் விமானம் சில நிமிடத்தில் எல்லை தாண்டிவிடும்.

மேலிருந்து பார்க்கவேண்டிய கட்டாயத்தை உணர்த்தியது புகைமூட்டம். 1997இல் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடுகள் எரிந்தன. அப்போது, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1992இல் அமைந்த 'கிரிஸ்ப்' தொலையுணர்வு மையம் வெளிநாட்டுச் செயற்கைக்கோள் படங்களில் தீயைத் தேடியது. 2013 ஜூன் 21 நண்பகலில் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது. லிட்டில் இந்தியா, ஜூரோங் என்று வேறுபாடில்லாமல் தீவெங்கும் முகக்கவசத்துக்குத் தட்டுப்பாடு.

உள்நாட்டில் உருவான முதல் செயற்கைக்கோள் எக்ஸ்-சாட். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தற்காப்பு ஆய்வு நிறுவனமான டிஎஸ்ஓவும் சேர்ந்து செய்த இந்த 106 கிலோ கலம், 2011 ஏப்ரல் 20 அன்று இந்திய ஏவூர்தியான பிஎஸ்எல்வி சி-16இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய அந்தத் தளமே பிறகு சிங்கப்பூர் மாணவர் கலங்களுக்கு வழக்கமான வாசலாயிற்று.

2015 டிசம்பர் 16 அன்று சி-29 சிங்கப்பூரின் ஆறு கலங்களை மட்டுமே சுமந்து சென்றது. தேசியப் பல்கலைக்கழக மாணவர்களின் கலாசியா அவற்றுள் ஒன்று; எடை 3.4 கிலோ, இரண்டு லிட்டர் பால் பெட்டியளவு. அயனிமண்டலத்தில் எலக்ட்ரான்கள் எவ்வளவு செறிந்துள்ளன என்று அளப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஜிபிஎஸ் சமிக்ஞை அந்த அடுக்கைக் கடக்கும்போது தாமதமாகிறது. தாமதத்தைக் கணக்கிட்டால் எலக்ட்ரான் அளவு தெரியும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூரியன் மறைந்தபின் இந்த அடுக்கு குழம்பிச் சமிக்ஞையைத் தடுமாறவைக்கும். ஆகவே சிங்கப்பூர் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் அமைவது அரிது. நன்யாங்கின் வெலாக்ஸ்-சிஐ அதே ஏவலில் வெப்பமண்டலப் பருவநிலை ஆய்வுக்காகப் போனது. எடை 123 கிலோ. மாணவர் கைப்பழக்கத்துக்கு உண்மையில் உதவுவது சிறிய கலமே: படிப்பு முடிவதற்குள் வடிவமைப்பு, அதிர்வுச் சோதனை, தரைநிலையம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிடலாம்.

இந்த நோக்கத்துடன் நன்யாங் தொடங்கிய மாணவர் செயற்கைக்கோள் வரிசையின் முதல் கலமான ஸ்கூப்-1, 2022 ஜூன் 30 அன்று சி-53இல் ஏவப்பட்டது. 2023 ஜூலை 30 அன்று ஸ்கூப்-2, கலாசியா-2 இரண்டும் சி-56இல் ஒன்றாகச் சென்றன.