ஈராக்கில் படைத்தளங்களான சதாம் அரண்மனைகள்

2003 ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்ததும் அமெரிக்கத் தலைமையிலான கூட்டுப்படை சதாம் உசேனின் அரண்மனைகளில் குடியேறியது. டைகிரிஸ் கரையிலிருந்த குடியரசு அரண்மனையில் அமெரிக்க அதிகாரி பால் பிரெமரின் இடைக்கால நிர்வாகமும், 2004 முதல் அமெரிக்கத் தூதரகமும் இயங்கின. அந்த அரண்மனை ஈராக் அரசின் கைக்கு வந்தது 2009 ஜனவரி 1 அன்றுதான். விமான நிலையத்தை ஒட்டிய செயற்கை ஏரியில் நின்ற அல்-ஃபாவ் அரண்மனை, விக்டரி என்ற அமெரிக்கப் படைமுகாமின் நடுவில் கூட்டுப்படைத் தலைமையகமாயிற்று. 1988இல் ஃபாவ் தீபகற்பத்தை ஈரானிடமிருந்து மீட்டதன் நினைவாக எழுந்த மாளிகை அது. பொருளாதாரத் தடையால் மக்கள் மருந்துக்கும் அல்லாடிய 1990களில் இத்தகைய மாளிகைகள் எழுந்தன என்பதையும், சாதாரண ஈராக்கியர் அவற்றின் வாசலை நெருங்கவே முடிந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான், அங்கே படை குடியேறியதன் அரசியல் விளங்கும். ஆட்சி கவிழ்ந்த பிறகும் மதில்கள் மூடியே இருந்தன. காவலர்கள் மட்டும் மாறினார்கள். விடுவிக்க வந்ததாகச் சொன்ன படை, சர்வாதிகாரி இருந்த இடத்தில் அமர்ந்து தன் சொல்லைத் தானே பலவீனமாக்கிக்கொண்டது.

வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். மதிலும் விரிந்த நிலமும் சாலையும் அங்கே ஆயத்தமாக இருந்தன. பள்ளிகளையோ வீடுகளையோ பிடித்திருந்தால் மக்களின் துன்பம் கூடியிருக்கும். 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளும், கைப்பற்றிய நாட்டின் அரசுக் கட்டடங்களைப் பராமரித்துப் பயன்படுத்தும் உரிமையை ஆக்கிரமிப்புப் படைக்குத் தருகின்றன. உடைமையாளராகும் உரிமையைத் தருவதில்லை. முதல் சில மாதங்களுக்கு இந்த வாதம் முழுமையாகப் பொருந்தும். ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு என்று நீண்ட தங்கலுக்கு அது போதாது. சட்டம் அனுமதித்தாலும், பார்க்கும் மக்களின் நினைவு அதற்குக் கட்டுப்படுவதில்லை.

இதற்கு மிகக் கொடிய சான்று அபு கிரைப் சிறை. சதாம் காலத்தில் சித்திரவதைக்கும் தூக்குத் தண்டனைக்கும் பெயர்போன அச்சிறையை அமெரிக்கப் படையும் சிறையாகவே நடத்தியது. கைதிகள் வதைக்கப்பட்ட படங்கள் 2004 ஏப்ரலில் வெளிவந்தபோது, பழைய ஆட்சிக்கும் புதிய படைக்கும் இடையே வேறுபாடு காட்டுவது கடினமாயிற்று. கொடுமையைச் செய்தவை சுவர்கள் அல்ல, அதற்குப் பொறுப்பு மனிதர்களுடையதே. ஆனால் அந்த இடத்தையே சிறையாகத் தேர்ந்ததும் மனிதர்களின் முடிவுதான்.

தொல்லிடத்தைத் தேர்ந்தபோதும் இதே சிக்கல் எழுந்தது. பண்டைய பாபிலோன் நகரத்துக்குள் முகாம் அமைத்தது கொள்ளையைத் தடுத்தது என்று படைத்தரப்பு வாதிட்டது. அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் தொல்மண்ணில் அகழிகள் வெட்டப்பட்டதையும், ஊர்வல வீதியின் பழங்காலச் செங்கற்கள் வண்டிச் சக்கரங்களில் நொறுங்கியதையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 2005 அறிக்கை பதிவுசெய்தது.

2011 டிசம்பரில் விக்டரி முகாம் ஈராக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. பாஸ்ராவிலிருந்த சதாம் அரண்மனை ஒன்று 2016இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அல்-ஃபாவ் அரண்மனை வளாகத்தில் 2021இல் பல்கலைக்கழகம் தொடங்கியது.