செலிக்மேனின் இரண்டு மாணவர்கள்

வெளிநாட்டில் பொருளாதார முதுகலை படிக்கப் போன முதல் குளிர்காலம். தலைமேல் கல்விக்கடன். 'இதுக்கும் எங்க ஊருக்கும் என்ன சம்பந்தம்?' என்ற கேள்வி விடவே இல்லை. அப்போதுதான் ஜே.சி. குமரப்பாவைப் படித்தேன்.

1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் படித்த ஆடிட்டர். 1927இல் அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஒரு தேவாலயத்தில் பேசினார். அது செய்தித்தாளில் வந்தது. பேராசிரியர் செலிக்மேன் அதையே ஆய்வாக எழுதச் சொன்னார். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவைத் தோண்டியதில், வரி கட்டுவது யார், அனுபவிப்பது யார் என்பது தெரிந்துபோனது. 1929இல் ஊர் திரும்பி காந்தியைப் பார்த்தார். ஆய்வு 'யங் இந்தியா'வில் தொடராக வந்தது. கோட்டு சூட்டு போய் கதர் வந்தது.

1913இல், பரோடா மன்னரின் உதவித்தொகையில் அதே கொலம்பியாவுக்குப் போன அம்பேத்கரும் செலிக்மேனின் மாணவர்தான். பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய அவருடைய நூலுக்கு, 1925இல் முன்னுரை எழுதியவரும் செலிக்மேன்.

ஒரே வாத்தியார், ஒரே மாதிரி கணக்கு. ஆனால் குமரப்பா கிராமத்தை நம்பினார். அம்பேத்கர் துளியும் நம்பவில்லை. எந்தத் தெருவிலிருந்து பார்த்தார்கள் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது.

நான் ஆய்வுத் தலைப்பை மாற்றினேன்: எங்கள் ஊராட்சியின் பணம் எந்தெந்தத் தெருவுக்குப் போகிறது? "இதுக்கு வேலை கிடைக்குமாடா?" என்றார் அப்பா. தெரியலப்பா என்றேன்.