மலையேறி வந்த புயல்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைகளுக்கு நடுவே ஆஷ்வில் நகரம் உள்ளது. கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேல் உயரம். கடற்கரைக்கோ முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தூரம். அங்கே சூறாவளி என்றால் காற்றைவிட மழைதான் அச்சம். கரை கடந்து வலுவிழந்த புயலும் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலைச்சரிவில் மோதி மேலெழும்போது காற்று குளிர்ந்து, சுமந்த ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. பிரெஞ்ச் பிராட், ஸ்வனனோவா ஆகிய இரு ஆறுகளும் கூடுமிடத்தில் ஊர் இருப்பதால் அந்த நீருக்கு வேறு வழியும் இல்லை.

1916 ஜூலையில் இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்தன. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்த முதல் புயலில் மண் ஊறிக் கிடந்தது. சார்ல்ஸ்டன் அருகே கரையேறிய இரண்டாவது புயலால், ஆல்டாபாஸ் என்ற ஊரில் ஒரே நாளில் 22 அங்குலத்துக்கு மேல் மழை பெய்தது. ஆற்றங்கரை ஆலைகளும் பில்ட்மோர் கிராமமும் மூழ்கின, ரயில்பாதைகள் துண்டாயின. ஆனாலும் ஆற்றோரத் தாழ்நிலத்தில்தான் ஊர் மறுபடி வளர்ந்தது.

2004 செப்டம்பரிலும் அதே கதை. பிரான்சிஸ், ஐவன் என இரு புயல்கள் பத்து நாள் இடைவெளியில் வந்தன. பிரான்சிஸ் வெள்ளத்தில் நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கத்திலிருந்து ஆஷ்வில்லுக்கு வரும் குடிநீர்க் குழாய்கள் உடைந்தன. ஐவன் மழையில் பீக்ஸ் கிரீக் என்ற இடத்தில் ஏற்பட்ட மண்சரிவு ஐந்து பேரைக் கொன்றது. இம்முறை அரசும் நகராட்சியும் விழித்துக்கொண்டன. மண்சரிவு அபாய வரைபடப் பணி தொடங்கியது. 2011இல் நிதி நிறுத்தப்பட்டு, 2018இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. மலை எங்கே சரியும் என்ற கணக்கில் மிச்சம் பிடித்தது குறுகிய புத்தி. நகராட்சி குழாய்க்கு மாற்றுவழி ஒன்றை ஆழமாகப் புதைத்தது. நீர்த்தேக்க அணைக்குக் கூடுதல் கலிங்கும் கட்டியது.

2024 செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவில் கரையேறிய ஹெலீன் புயல், மறுநாள் காலையில் சுமார் 600 கிலோமீட்டர் கடந்து ஆஷ்வில் பகுதிக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே பெய்த மழையில் மண் ஊறியிருந்தது. பிரெஞ்ச் பிராட் 1916இன் உச்சத்தைத் தாண்டி 24 அடிக்கு மேல் உயர்ந்தது. கலிங்கு உதவியது, அணை நின்றது. ஆழத்தில் புதைத்த மாற்றுக் குழாயோ அடித்துச் செல்லப்பட்டது. மின்சாரமும் கைபேசியும் அற்றுப்போக, சாலை துண்டிக்கப்பட்ட சில இடங்களுக்குக் கோவேறு கழுதைகள் பொருள் சுமந்தன. வெள்ளக் காப்பீடு வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு. மலைமேல் வெள்ளமா என்ற நினைப்புத்தான். வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தனர்.

குழாய்கள் சரிசெய்யப்பட்ட பின்னும் நீர்த்தேக்கம் சேறாகக் கலங்கிக் கிடந்ததால், ஆஷ்வில்லில் குழாய்நீர் குடிக்கத் தகுந்தது என அறிவிக்க நவம்பர் 18 வரை ஆயிற்று.