உபத்திரவத்துக்கு முன்னா, பின்னா?

கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்பவர்கள் சாலையோரச் சுவர்களிலும் பாறைகளிலும் 'இயேசு சீக்கிரம் வருகிறார்' என்ற வாசகத்தைக் கண்டிருப்பார்கள். நமக்கு அது ஒற்றை வாக்கியம். அதை நம்புகிறவர்களிடையே அதைப் பற்றி ஒரு நெடுங்கால வழக்கு இருக்கிறது. வருகிறார் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. எது முதலில், எது பின்னர் என்பதில்தான் பிணக்கு. உலகின் இறுதியில் ஏழாண்டு மகா உபத்திரவம் ஒன்று உண்டு. அந்திக்கிறிஸ்து அப்போது ஆள்வான். விசுவாசிகள் அதற்கு முன்பே வானுக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்களா, நடுவிலா, அல்லது எல்லாத் துன்பங்களையும் பட்டுத் தீர்த்த பின்னரா?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் கணக்காகத் தோன்றும். எனக்கும் பல காலம் அப்படித்தான் தோன்றியது. 'உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாதே' என்று நம் வீடுகளில் புழங்கும் சொல், அவர்களிடம் உலக வரலாற்றின் கடைசி அத்தியாயத்துக்குப் பெயராகியிருக்கிறது. ஊழி என்ற கருத்து தமிழுக்குப் புதிதன்று. ஆனால் நம் ஊழி மீண்டும் மீண்டும் வருவது. அழிந்தது மறுபடி தோன்றும். கிறித்தவ ஊழி ஒரே முறை வருவது. ஆகவே அதில் நாம் எந்தப் பக்கம் நிற்போம் என்ற கேள்விக்கு அவ்வளவு கனம்.

விசுவாசிகள் முன்பே எடுத்துக்கொள்ளப்படுவர் என்ற கொள்கையை 1830களில் ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. தானியேலின் எழுபது வாரங்களில் கடைசி வாரத்தைத் தனியே பிரித்து எதிர்காலத்தில் வைத்தார், அதுவே ஏழாண்டு. அதற்கு முன் இரகசிய வருகை, அதன் முடிவில் பகிரங்க வருகை. அவருடைய சகோதரர் சபைக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. பிளிமத்தில் பெஞ்சமின் நியூட்டன் மறுத்தார். பிரிஸ்டலில் அனாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லரும், அந்திக்கிறிஸ்து வெளிப்பட்ட பிறகே கிறிஸ்து வருவார் என்று கருதினார். 1840களில் அச்சபை உடைந்தது. உடைவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் இவ்வழக்கும் அதில் கலந்திருந்தது. பின்னர் 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமம் டார்பியின் வரிசையை உலகெங்கும் கொண்டுசென்றது.

இந்த வட்டத்துக்கும் தமிழகத்துக்கும் ஆரம்பத்திலேயே தொடர்பு ஏற்பட்டது. முல்லரின் மைத்துனர் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ், பல் மருத்துவத்தை விட்டுவிட்டு பாக்தாத் சென்றவர். அங்கே 1831இல் கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்தார். 1833இல் இந்தியா வந்தார். அவரால் உருவான தமிழ் ஊழியர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810-1867). அந்நிய மிஷனின் சம்பளத்தை ஏற்காத அருளப்பன் 1840இல் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை நிறுவினார். 1860இல் அங்கே தொடங்கிய எழுப்புதலில் தரிசனங்களும் தீர்க்கதரிசனங்களும் பெருகின. அந்த அலை 1873-75இல் திருவிதாங்கூரை அடைந்தது.

அங்கே அது வித்வான் குட்டியைத் தொட்டது. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835இல் பிறந்து, 1861இல் திருமுழுக்குப் பெற்று, ஜஸ்டஸ் ஜோசப் என்ற பெயரில் ஆங்கிலிக்கன் குருவானவர். இசையறிந்தவர், கவிஞர். இன்னும் ஆறே ஆண்டுகளில் கிறிஸ்து வருவார் என்று 1875இல் அறிவிக்கப்பட்டதை ஏற்று, சபையை விட்டு வெளியேறினார். குறித்த ஆண்டு 1881. அது வந்தது, சென்றது. வானம் திறக்கவில்லை. சிலர் பழைய சபைக்குத் திரும்பினார்கள். எஞ்சியோர் 1881ஐயே ஒரு புதிய சகாப்தத்தின் தொடக்கமாகக் கொண்டு 'யுயோமயம்' என்ற தனிச் சமயத்தை அமைத்தனர். நிறைவேறாத தேதி ஆண்டுக் கணக்கின் முதல் ஆண்டாகிவிட்டது.

இந்த இடத்தில் கணவாயின் இப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். அவர்கள் காத்திருந்த அந்த ஆறு ஆண்டுகளுக்குள்தான் தாது வருஷப் பஞ்சம் (1876-78) அடங்குகிறது. சென்னை மாகாணத்தில் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களில் கோயம்புத்தூரும் சேலமும் உண்டு. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைவிட 1881இல் கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது. பத்தாண்டுகளில் வளர்ந்திருக்க வேண்டிய ஒரு மாவட்டம் சுருங்கிப்போயிற்று. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை நகரைப் பிளேக் மீண்டும் மீண்டும் சூறையாடியது. அதன் நினைவாகப் பிளேக் மாரியம்மன் இன்றும் கோயில் கொண்டிருக்கிறாள்.

பஞ்சமும் பிளேக்கும் விசுவாசிகளை விலக்கிவைத்துவிட்டு வரவில்லை. எல்லா வீட்டுக் கதவையும் தட்டின. 1830இல் ஆடிஸ் கோவையில் தொடங்கிய லண்டன் மிஷன், பள்ளிகளும் ஆலயங்களும் கட்டி வந்தது. பிரப் பாதிரியாரின் பெயரை ஈரோட்டுச் சாலையும் ஆலயமும் இன்னும் சுமக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன்களில் பலவற்றை இயக்கிய நம்பிக்கை, நற்செய்தியால் உலகம் மெல்ல மெல்லச் சீர்படும் என்பது. டார்பியின் பார்வையிலோ உலகம் சீர்படாது, கெட்டுக்கொண்டேதான் போகும்.

அப்படியானால் உலகம் முடியப்போகிறது என்று நம்புகிறவர் ஏன் கிணறு வெட்ட வேண்டும், ஏன் பள்ளி கட்ட வேண்டும் என்று கேட்கத் தோன்றும். தர்க்கப்படி கேள்வி சரி. வரலாறு வேறு விதமாக நடந்தது. அருளப்பன் ஓர் ஊரையே உண்டாக்கினார். குரோவ்ஸ் சித்தூரில் பண்ணை வைத்தார். முல்லர் ஆயிரக்கணக்கான அனாதைகளுக்குச் சோறும் கல்வியும் தந்தார். கொள்கை எந்த வரிசையைச் சொன்னாலும் இவர்களுடைய கைகள் வேலையை நிறுத்தவில்லை.

ஆகவே 'முன்னா, பின்னா' என்ற வழக்கைக் காலக்கணக்கு என்று ஒதுக்க இப்போது என்னால் இயலவில்லை. அதன் அடியில் இருப்பது எல்லாச் சமயத்தவருக்கும் உரிய கேள்வி. நம்பிக்கை நம்மைத் துன்பத்திலிருந்து விலக்கிக் காக்குமா, அல்லது துன்பத்தினூடே நடத்திச் செல்லுமா? முதலாவதை நம்பித் தேதி குறித்தவர்கள் 1881இல் ஏமாந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், எந்தத் தேதியும் அறியாத கொங்கு நாட்டுக் குடியானவன் பஞ்சத்தில் மாட்டை இழந்து, மக்களை இழந்து, அடுத்த மழைக்கு விதைக்க மீண்டும் ஏரைத் தொட்டிருந்தான். அவனுடைய விடையை எந்த விளக்க நூலிலும் நான் கண்டதில்லை.