விசுவாசம் என்னும் பூனை

போர்களின் வரலாற்றை எழுதுவோர் மாண்ட மனிதரையும் இடிந்த நகரங்களையும் கணக்கிடுவர். மனிதரை அண்டி வாழ்ந்த உயிர்கள் பிரிவையும் இழப்பையும் எவ்வாறு தாங்கின என்று கேட்பவர் சிலரே. அக்கேள்வியை நாம் இங்கு எழுப்புவோம்.

1939 செப்டம்பர் 3ஆம் நாள் பிரித்தானியா ஜெர்மனியின்மீது போர் அறிவித்தது. இலண்டன்மேல் ஒரு குண்டும் விழுமுன்னரே, முதல் வாரத்திற்குள், ஏறத்தாழ நான்கு இலட்சம் பூனைகளும் நாய்களும் வளர்த்தவர்களின் விருப்பப்படியே கொல்லப்பட்டன. அரசு அவ்வாறு கட்டளையிடவில்லை. அவற்றை நாட்டுப்புறத்திற்கு அனுப்புக. வேறு வழியில்லையெனில் கொன்றுவிடுவதே கருணை என்னும் அறிவுரையே வெளியாகியிருந்தது. குழந்தைகளையும் வெளியூர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாள்கள் அவை. அச்சம் வீடுதோறும் புகுந்திருந்தது. மறக்கப்பட்ட இந்நிகழ்ச்சியை வரலாற்றறிஞர் ஹில்டா கீன் 2017இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அதே நகரில் வேறொரு நிகழ்ச்சியையும் காண்கிறோம். தூய பவுல் பேராலயத்தின் அருகே, வாட்லிங் தெருவில், தூய அகுஸ்தீன் பெயரால் ஓர் ஆங்கிலிக்கன் ஆலயம் இருந்தது. 1936இல் நாதியற்ற பூனை ஒன்று அங்கு வந்தது. விரட்டியும் திரும்பி வந்தது. குருவானவர் ஹென்றி ராஸ் அதற்கு அடைக்கலம் தந்து, 'விசுவாசம்' எனப் பொருள்படும் 'ஃபெய்த்' என்ற பெயரையும் சூட்டினார். 1940 ஆகஸ்டில் அது ஒரு குட்டியை ஈன்றது. செப்டம்பர் 6ஆம் நாள் குட்டியைக் கவ்விக்கொண்டு ஆலயத்தின் நிலவறைக்குச் சென்றது. மேலே கொண்டுவந்து விட்டபோதும் மீண்டும் அங்கேயே சென்றது. 9ஆம் நாள் குண்டுவீச்சில் ஆலயம் எரிந்து இடிந்தது. மறுநாள் காலை குருவானவர் இடிபாடுகளிடையே நின்று அழைத்தார். மெல்லிய குரல் ஒன்று பதிலளித்தது. புழுதி படிந்த தாய், குட்டியை அணைத்தபடி உயிரோடிருந்தது. 1945இல் அதற்கு வெள்ளிப் பதக்கம் வழங்கினர். 1948இல் அது இறந்தது.

இதைப் புதுமை என நாம் கொள்ள வேண்டியதில்லை. தாய்ப்பூனை குட்டியை இடம் மாற்றுவது இயல்பே. ஆயினும் இருண்ட மூலையைத் தேடி ஒடுங்கும் அதே இயல்புதான், துணையை இழந்த பூனையிடமும் தோன்றுகிறது. அது உணவைக் குறைக்கும், ஓயாது குரலெழுப்பும், பிரிந்தவர் படுத்த இடத்தை நாடும். பழகிய இடமும் மாறாத வேளையில் கிடைக்கும் உணவுமே அதனை மெல்ல மீட்கின்றன.

தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானவை என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் போதிக்கிறது. மனிதருக்குரிய அன்பை விலங்குகள்மேல் திருப்பிவிடலாகாது என்றும் அதுவே எச்சரிக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வது நம் கடமை. நான்கு இலட்சம் உயிர்களைப் பறித்தது பகைவரின் குண்டன்று. கருணையின் பெயரைச் சூடிய அச்சம். நம் இல்லத்தில் முதியவர் ஒருவர் இறைவனடி சேர்ந்தபின், அவர் கையால் உண்ட பூனை வாசலில் காத்திருக்குமாயின், அதே வேளையில் அதே தட்டில் ஒரு பிடி சோறு வைப்போம். சிட்டுக்குருவியையும் மறவாத தந்தையின் பிள்ளைகளுக்கு அது பெரிய செயலன்று.