ஒரு கொட்டடியாவது

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கூவத்தை ஒட்டி நின்ற மத்திய சிறை 1837இல் கட்டப்பட்டது. 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009இல் கட்டடத்தை இடித்தார்கள். இடிக்கும் முன் சில நாட்கள் பொதுமக்களை உள்ளே விட்டபோது கூட்டம் அலைமோதியது. இன்று அங்கே சென்னை மருத்துவக் கல்லூரியின் கட்டடங்கள் இருக்கின்றன. 1835இல் தொடங்கிய கல்லூரி அது. இட நெருக்கடி உண்மை, நகரின் நடுவில் வேறு நிலம் தேடுவதும் லேசான காரியமில்லை. நிலத்தைக் கொடுத்ததில் தப்பில்லை. ஒரு கொட்டடியைக்கூட மிச்சம் வைக்காமல் கொடுத்தார்களே, அதுதான் தப்பு.

நோயாளி முக்கியமா, பழைய சுவர் முக்கியமா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவது சுலபம். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று யார் சொன்னது? போர்ட் பிளேரில் 1906இல் கட்டி முடித்த செல்லுலார் சிறைக்கு நடுக் கோபுரத்திலிருந்து பிரியும் ஏழு கிளைகள் இருந்தன. நான்கு கிளைகள் வெவ்வேறு காலங்களில் போயின. அந்த வளாகத்தில் 1963இல் கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை வந்தது. மிச்சத்தையும் இடிக்கப் பார்த்தபோது, அங்கே அடைபட்டிருந்த பழைய கைதிகளே எதிர்த்து நின்று தடுத்தார்கள். 1979இல் அது தேசிய நினைவுச் சின்னமானது. ஆக, மருத்துவமனையும் இருக்கிறது, சிறையும் இருக்கிறது. அங்கே கொட்டடிக் கதவின் தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும். கதவிலிருந்து தள்ளி, சுவரில் குடைந்த பள்ளத்துக்குள் அது போய் விழும். உள்ளே இருப்பவன் கம்பிகளுக்கிடையே கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்க்கும். கைதிக்குக் கைதி முகம் தெரியக் கூடாதாம். எவ்வளவு நிதானமாக யோசித்துச் செய்த கொடுமை என்பது அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தால் விளங்குகிற அளவுக்குக் கல்வெட்டுப் பலகையைப் படித்தால் விளங்காது.

வலியின் இடத்தை எதற்குக் கட்டிக் காக்க வேண்டும், வெள்ளைக்காரன் கட்டியது ஒழியட்டுமே என்பது இன்னொரு வாதம். சென்னைச் சிறை வெள்ளைக்காரனோடு முடிந்த கதையாக இருந்தால் அதை ஒப்புக்கொள்ளலாம். 1932இல் சுபாஷ் சந்திர போஸை அடைத்து வைத்த அதே சிறையில்தான், நெருக்கடி நிலையின்போது மிசா சட்டத்தில் பிடிபட்ட தி.மு.க.வினர் அடிபட்டார்கள், முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடியின் விளைவாக 1977இல் இறந்தார். அந்தச் சுவர்கள் நம் சுதந்திர அரசுக்கும் எதிரான சாட்சி. பெங்களூர் இதைப் புரிந்துகொண்டது. நெருக்கடி நிலையின்போது வாஜ்பாயும் அத்வானியும் அடைபட்டிருந்த பழைய மத்திய சிறையை 2000இல் மூடி, காவல் கோபுரத்தையும் சில கட்டடங்களையும் நிறுத்தி வைத்து, 2008இல் ஃப்ரீடம் பார்க் என்று திறந்தார்கள். ஆர்ப்பாட்டம் செய்பவர்களுக்கும் அங்கேதான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். போராட்டத்துக்குச் சிறை வளாகத்தையே காட்டும் அரசின் குறும்பை ரசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. இப்படி மிஞ்சும் சிறைகள் தலைவர்கள் பெயரை மட்டும் சொல்கின்றன, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான சாதாரணக் கைதிகளை மறந்துவிடுகின்றன என்ற குறை நியாயமானது. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்கவும் கட்டடம் வேண்டும். தலைவருக்கு ஊரெங்கும் சிலை உண்டு. சாதாரணக் கைதிக்கு அவன் படுத்த கொட்டடியை விட்டால் வேறு அடையாளம் ஏது?

அடுத்து இதே கேள்வி கோவைக்கு வருகிறது. காந்திபுரத்தில் மத்திய சிறை நிலத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே செம்மொழிப் பூங்காவாகிவிட்டது. சிறையையும் ஊருக்கு வெளியே கொண்டுபோகும் வேலை நடக்கிறது. 1908இல் வ.உ.சி.யை அடைத்துச் செக்கிழுக்க வைத்தது அங்கேதான். செக்கை மட்டும் பெயர்த்தெடுத்து ஒரு மண்டபத்தில் வைத்துவிட்டால் கடமை முடிந்ததென்று அரசு நினைக்கக் கூடாது. எந்தக் கட்டடம் நிற்கும், எது போகும் என்பதைக் கடைசிக் கைதி வெளியேறும் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். கோவைக்காரர்கள் அதை இப்போதே கேட்க வேண்டும்.