இலவச வெப்பம் என்னும் கணக்கு: பல்கட்டக் காய்ச்சி வடித்தல் குறித்து

கடல்நீரைக் குடிநீராக்கும் பல்கட்டக் காய்ச்சி வடித்தலை ஆதரிப்போர் பெரும்பாலும் ஒரே வாதத்தை வைக்கின்றனர்: மின்நிலையம் வீணாக்கும் வெப்பத்தில் ஆலை ஓடுகிறது, ஆகவே வெப்பத்துக்கு விலையில்லை. முறையின் திறமையில் எனக்கு ஐயமில்லை. இந்த வாதம்தான் நிற்காது.

சூடான உப்புநீரை அழுத்தம் குறைந்த அறைக்குள் விட்டால் அதில் ஒரு பகுதி சட்டென்று கொதித்து ஆவியாகும். மீதி சற்றுக் குளிர்ந்து, அழுத்தம் இன்னும் குறைந்த அடுத்த அறையில் மறுபடி கொதிக்கும். காற்றழுத்தத்தில் பதினான்கில் ஒரு பங்கே உள்ள கடைசி அறையில் 40 டிகிரியிலேயே கொதிப்பு நடந்துவிடும். எழும் ஆவி கம்பிவலைத் திண்டில் உப்புத் துளிகளை உதறிவிட்டு, குளிர்ந்த கடல்நீர் ஓடும் குழாய்கள்மீது படிந்து தட்டில் சொட்டுகிறது. அது விடும் வெப்பம் குழாய்க்குள் வரும் நீரைச் சூடேற்றுகிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 2,300 கிலோஜூல் வேண்டும். வெப்பத்தை இப்படித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நல்ல ஆலையில் 275 அளவே போதும்.

கொதிப்பு குழாய்ச் சுவரில் நிகழாததால் படிவும் குறைவு. பழைய ஆவியாக்கிகளை அடிக்கடி நிறுத்திச் சுரண்டியவர்களுக்கு இதுவே பெரிய விடுதலை. ஷட் அல் அரப் ஆற்றிலிருந்து பாய்மரக் கலங்களில் குடிநீர் கொண்டுவந்த குவைத், 1950களின் இறுதியில் இம்முறைக்கு மாறியது. இதை வளர்த்தெடுத்த ராபர்ட் சில்வருக்கு 1968இல் யுனெஸ்கோவின் அறிவியல் பரிசு கிடைத்தது.

இனி விலைக்கு வருவோம். மின்நிலையம் உண்மையில் வீணாக்குவது கன்டென்சர் வழியே கடலுக்குப் போகும், ஏறத்தாழ 40 டிகிரி வெப்பம். அதைக் கொண்டு உப்புநீரை 120 டிகிரிக்கு ஏற்ற முடியாது. ஆலைக்குப் போவது டர்பைனின் நடுவழியில் உருவிய நீராவி. விட்டுவைத்தால் அது மின்சாரம் தந்திருக்கும். கிலோவுக்கு 275 கிலோஜூல் என்றால் கனமீட்டருக்கு 76 யூனிட் வெப்பம். 125 டிகிரி நீராவியிலிருந்து 40 டிகிரிவரை கறக்கக்கூடிய வேலை, வெப்பத்தை வேலையாக்குவதன் உச்ச அளவான கார்னோ வரம்பின்படி, அதில் ஐந்தில் ஒரு பங்கு: ஏறத்தாழ 16 யூனிட். டர்பைனின் குறைபாடுகளைக் கழித்தாலும் பன்னிரண்டுக்குக் கீழே போகாது. பம்புகளுக்குத் தனியே மூன்று, நான்கு யூனிட். கடல்நீரை அழுத்திச் சவ்வு வழியே வடிக்கும் இன்றைய சவ்வூடு ஆலை அந்தப் பம்புச் செலவுக்குள்ளேயே முழு வேலையையும் முடித்துவிடுகிறது.

வெப்பம் மெய்யாகவே இலவசமான இடமும் உண்டு. கவரத்தித் தீவில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2005இல் அமைத்த ஆலை, 28 டிகிரி மேற்பரப்பு நீருக்கும் சுமார் 350 மீட்டர் ஆழத்தின் 12 டிகிரி நீருக்கும் உள்ள வேறுபாட்டிலேயே நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் வடிக்கிறது. அங்கே செலவு பம்புக்கும் ஆழ்கடல் குழாய்க்கும்தான்.

கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் நிறுவிய கூட்டு ஆலை வேறு வகை: காய்ச்சி வடித்து 45 லட்சம் லிட்டர், சவ்வு வழியே 18 லட்சம் லிட்டர் என்பது அதன் நாள்திறன். காய்ச்சி வடித்த நீரில் உப்பு லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். கொதிகலன்களுக்கு அந்தத் தூய்மை வேண்டும். சவ்வு நீரில் உப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம், ஆனாலும் குடிக்க அது போதும். அந்த ஆலையை நியாயப்படுத்த இந்தத் தூய்மை ஒன்றே போதும். இலவச வெப்பக் கதை தேவையில்லை. இழந்த மின்சாரத்தை இத்தகைய ஆலைகளின் செலவுப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு, பிறகு நீரின் விலையைச் சொல்லட்டும்.